ஓர் ஆள் படுக்கும் டென்ட்

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இதுவரை ஒரு ராத்திரிகூட நான் தனியாகப் படுத்ததில்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் "கொடுத்து வச்சவ" என்கிறார்கள். இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்குக் கோபம்தான் வரும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்குக் கோபம் சம்பளத்தோடு சேர்ந்து வருவது என்பதால், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் பிறந்த வீட்டில் நாங்கள் நாலு பெண்கள். ஒரே பாயில் வரிசையாகப் படுப்போம். நான் மூன்றாவது. ஒரு பக்கம் அக்காவின் முழங்கை, மறுபக்கம் தங்கச்சியின் கால். பி.எட். படித்தபோது விடுதியில் நீளமான ஒரு ஹால், சுவரோடு சுவராகக் கட்டில்கள். கல்யாணமாகி வண்டியூரில் வாடகை வீட்டுக்கு வந்தால் ஒரே ஒரு அறை. அதில் நாங்கள் இரண்டு பேர், பிறகு நாலு பேர், கதவுக்கு அந்தப்புறம் மாமியார். ஒத்தக்கடையில் சொந்த வீடு கட்டிப் பிள்ளைகளும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு அறைகள் மிஞ்சின. ஆனாலும் என் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக ஒரு நாள் வெளியூர் போனால் போதும், மாமியார் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவார். "தொணைக்குப் படுத்துக்கிறேன்த்தா." மாமியாரும் ஊரில் இல்லையென்றால் எதிர்வீட்டு அக்கா தன் மகளை அனுப்பிவைப்பார். அந்தப் பெண் பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால் என்னைத்தான் கட்டிக்கொள்ளும். யாருக்கு யார் துணை என்று நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் ஒரு பெண் தனியாகப் படுத்தாள் என்றால் அது அவளுக்கு நேர்ந்த கஷ்டம். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து அதைத் தீர்த்துவைப்பார்கள். அது எனக்கு ஓர் ஆசையாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே வெகுநாள் தோன்றவில்லை.

எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒவ்வொரு ஜனவரியிலும் ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் நடக்கப் போவார். சுமை தூக்க ஆள் கிடையாது. அவரவர் சாமானை அவரவர்தான் முதுகில் சுமக்க வேண்டும். இரண்டு ராத்திரி மலையில் தங்கல். போன வருஷம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்க செட்டுல ஒரே ஒரு ரூல்தான்க்கா. ஆளுக்கு ஒரு டென்ட். ஒரு ஆளு டென்ட். ரெண்டு பேரு ஒண்ணாப் படுக்கவே கூடாது. இருட்டுனா அவங்கவங்க டென்ட்டுக்குள்ள போய் ஜிப்ப இழுத்துர வேண்டியதுதான். விடியிற வரைக்கும் யாரு என்னன்னு யாரும் கேக்க மாட்டோம்."

நான் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. விடியும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு மலையும் பனியும் பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஒரு விஷயம்தான் காதிலேயே நின்றது.

"நானும் வாரேன்" என்றேன்.

"வாங்கக்கா. பையி மட்டும் கனமா இருக்கக் கூடாது. அதுல டென்ட்தான் முக்கியம். ஒண்ணேகால் கிலோவுக்கு மேல போச்சுன்னா உங்க முட்டி உங்கள வையும்" என்றார்.

மறு சனிக்கிழமை பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். மலையேற்றம், சைக்கிள், நீச்சல் எல்லாவற்றுக்கும் சாமான் விற்கிற பெரிய கடை. மாடியில் பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து அதன்மேல் டென்ட்டுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். குடும்பம் படுக்கிற டென்ட், நின்றுகொண்டே உடை மாற்றுகிற டென்ட் என்று வகைவகையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோரமாக, சாம்பல் கலந்த பச்சையில் ஒன்று. தலைப்பக்கம் கொஞ்சம் அகலம், கால்பக்கம் குறுகல். உட்கார்ந்தால் தலை இடிக்காது, அவ்வளவு உயரம்தான். சுருட்டினால் ஒரு பூசணிப் பிஞ்சு அளவுதான் இருக்கும் என்று கடைப் பெண் ஒரு பையை என் கையில் கொடுத்தாள். நான் திருத்துகிற ஒரு கட்டுப் பரீட்சைப் பேப்பரைவிடக் கனம் குறைவு.

"உள்ள படுத்துப் பாக்கலாமா?"

"தாராளமா மேடம். செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க."

சேலையை ஒதுக்கிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். நல்லவேளை, மாணவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை. மல்லாந்து படுத்து ஜிப்பை இழுத்தேன். இரண்டு முழங்கையையும் விரித்தால் இரண்டு பக்கமும் துணி தட்டியது. அதற்கு மேல் ஒரு சாண்கூட இடமில்லை. என் உடம்பு எவ்வளவு இடம் அடைக்குமோ அவ்வளவுதான் அந்த டென்ட். வெளிச்சம் துணி வழியாகப் பச்சையாக இறங்கியது. கீழ்த்தளத்தில் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று அந்த நிமிஷம் உலகத்தில் அந்தக் கடைப் பெண்ணைத் தவிர யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. தூங்கிப்போனேன்.

"மேடம்... மேடம்..." என்று துணியைத் தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். "வேற கஸ்டமர் பாக்கணுமாம் மேடம்."

வெளியே வந்தால் ஒரு குடும்பமே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாக இல்லை. அத்தனை லேசாக இருந்தது. கடைப் பெண்ணுக்குச் சிரிப்பு, ஆனால் மரியாதையாக அடக்கிக்கொண்டாள்.

"பில் போட்டுரவா மேடம்?"

கைப்பையில் கார்டு இருந்தது. என் சம்பளம், என் கணக்கு. அந்த டென்ட்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் வாய் தானாகத் திறந்து சொன்னது:

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்ம்மா."

மதுரைக் கடைகளில் இது எல்லாப் பெண்களும் சொல்கிற வசனம். புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரிக்க வைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் இதைச் சொல்லி எழுந்து வருவோம். கடைக்காரர்களுக்கும் தெரியும். அந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள், "சரிங்க மேடம்" என்று பையைத் திரும்ப வாங்கி வைத்தாள். தப்பிப்பதற்காகச் சொல்கிற அந்தப் பொய்யை நான் அன்றைக்கு உண்மையாகவே சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டேன்.

என் வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இருக்கிற ஒரே சிரமம். போகக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுநாளே போய் வாங்கியிருப்பேன். எங்கள் முப்பது வருஷத்தில் அவர் 'கூடாது' என்று சொன்ன எல்லாவற்றையும் நான் செய்திருக்கிறேன். ஆனால் அவர் சந்தோஷப்பட்டார். அந்த வருஷம்தான் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். காலை நடைக்குப் பிறகு பொழுது போகாமல், வீட்டிலிருக்கிற குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவருக்கு என் டென்ட் வேலையாகக் கிடைத்தது.

"டென்ட்டா! நல்லா விசாரிக்காம வாங்கக் கூடாதும்மா. நீ விடு, நான் பாக்குறேன்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைக்காரர்கள் பனிமலையில் டென்ட் அடிக்கிற சத்தம்தான். ஃபோனைச் சத்தமாக வைத்து, சாப்பிடும்போதும் பார்த்தார். துணியில் எம்புட்டுத் தண்ணீர் நின்றால் கசியும், கம்பி அலுமினியமா வேறா, ஒரு துணி டென்ட்டா இரண்டு துணி டென்ட்டா, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நடைக்கு வருகிற நண்பர்களிடம் கேட்டார். பால்காரரிடமும் கேட்டிருக்கிறார், அவரே சொன்னார். எதை வாங்கினாலும் நாலு பேரைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வேதம். நான் அந்தப் பச்சை டென்ட்டைப் பற்றிச் சொன்னதும், "சரி, ஞாயித்துக்கெழம எல்லாரும் போயிப் பாத்துருவோம்" என்றார்.

எல்லாரும் என்றால், வண்டியூரிலிருந்து கொழுந்தனாரும் வந்தார். அவர் இல்லாமல் எங்கள் வீட்டில் மிக்ஸிகூட வாங்கியதில்லை. மாமியாரை வீட்டில் ஒத்தையில் விட முடியாது என்று அவரையும் காரில் ஏற்றிக்கொண்டோம். பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி நாலு பேர் அந்த மாடிக்கு ஏறினோம். அதே கடைப் பெண். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

முதலில் கொழுந்தனார் உள்ளே புகுந்தார். அவர் ஆள் கொஞ்சம் தாராளம். டென்ட் ஒரு பக்கம் புடைத்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"மதினி, மூச்சு முட்டுது. காத்தே வரல மதினி!"

மதுரைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். வீடு பார்த்தாலும் காத்து வருமா, கல்யாண மண்டபம் பார்த்தாலும் காத்து வருமா. நாங்கள் போகப்போவது ஜனவரி மாதத்து மலைக்கு. அங்கே காற்று வராமல் இருப்பதற்குத்தான் டென்ட்டே. சொன்னேன். "இருந்தாலும் மதினி" என்றார்.

அடுத்து என் வீட்டுக்காரர் ஃபோனில் திசைகாட்டியை எடுத்தார். "இங்க பாரு. கால்பக்கம் குறுகலா இருக்குல்ல? காத்தடிக்கிற பக்கம் காலத்தான் வைக்கணும்னு வீடியோல சொல்றான். தெக்க இருந்து காத்தடிச்சா கால் தெக்க. அப்பத் தல எங்க வருது?"

"வடக்க" என்றார் கொழுந்தனார், உள்ளே படுத்தபடியே.

"வடக்க தல வச்சுப் படுக்கலாமா?"

படுக்கக் கூடாது. அது கடைப் பெண்ணுக்குக்கூடத் தெரியும், அவளும் தலையை ஆட்டினாள். ஜனவரியில் அந்த மலையில் காற்று வடகிழக்கிலிருந்துதான் வரும் என்று பி.டி. டீச்சர் பிற்பாடு சொன்னார். காலை அந்தப் பக்கம் நீட்டினால் தலை தென்மேற்கே போயிருக்கும், ஒரு சாஸ்திரமும் கெட்டிருக்காது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் நிழலைக் கண்டால் வராந்தாவில் ஓடுகிறவன் நடப்பான். அங்கே பிளாஸ்டிக் புல்லில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாமியார் அதுவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் வெளியே வந்ததும், ஆளில்லாத அந்த டென்ட்டை ஒரு தடவை தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பார்த்தார்.

"என்னத்தா இது, பாடை கணக்கா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அந்தச் சொல் விழுந்த பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அதைக் கையால் தொட முடியாது. கடைப் பெண் சட்டென்று குனிந்து எதையோ அடுக்க ஆரம்பித்தாள். மாமியார் குத்தலாகச் சொல்லவில்லை. என்மேல் இருக்கிற பிரியத்தில், மருமகளை அதற்குள் படுக்கவைத்துப் பார்க்க மனசு வராமல் சொன்னது. பிரியத்தில் சொன்னதை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது?

பக்கத்தில் இருந்தது இரண்டு ஆள் டென்ட். ஆரஞ்சு நிறம். நாலு பக்கமும் வலை, காற்று வரும். இரண்டு முனையும் ஒரே அகலம், தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம். பார்க்க வீடு மாதிரி இருந்தது. கனம் மட்டும் சின்னதைப்போல இரண்டு மடங்கு.

"ஒரு ஆளுக்கு எதுக்கு இம்புட்டுப் பெருசு?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"பெருசா இருந்தா என்ன, சாமான் வச்சுக்கலாம்ல? விலையும் ஒண்ணும் பெருசா வித்தியாசம் இல்ல" என்றார் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் யூனிஃபார்ம் எடுத்தாலும் செருப்பு எடுத்தாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுப்போம், வளர்கிற பிள்ளைக்கு ஆகும் என்று. ஐம்பத்து நான்கு வயதில் நானும் வளர்கிற பிள்ளை ஆனேன்.

"சரி, ஒங்க இஷ்டம்" என்றேன்.

இந்த 'சரி'யை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. கோபக்காரி என்று பெயர் வாங்கியவள், ஆனால் என் கோபமெல்லாம் அடுத்தவர் விஷயத்தில்தான் செல்லுபடியாகும். பிள்ளைக்குப் பீஸ் கட்டுவதற்கோ, மாமியாருக்கு டாக்டரைப் பார்ப்பதற்கோ ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "இதுதான் வேணும்" என்பது எத்தனை சின்ன வாக்கியம்! பில் போட்டுக் காரில் ஏறும்போது எல்லாருக்கும் சந்தோஷம். வழியில் ஜிகர்தண்டா குடித்தோம்.

டிசம்பரில் பி.டி. டீச்சர் எல்லாரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். முழுச் சாமானோடு யானைமலை அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும். எனக்கு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். காலையில் என் பையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னக்கா, உள்ள அம்மிக்கல்லா வச்சிருக்கீங்க?"

திறந்தார். கொசுவத்திச் சுருள், இரண்டு டார்ச், எவர்சில்வர் டம்ளர், ரசப்பொடி, எல்லாம் வீட்டுக்காரரின் உபயம். அவற்றைச் சிரித்துக்கொண்டே வெளியே எடுத்துவைத்தார். அடியில் டென்ட் இருந்தது. அதை வெளியே இழுத்ததும் சிரிப்பு நின்றது.

"இது ரெண்டு ஆளு டென்ட்ல்லக்கா."

"ஆமா."

"உங்க கூட யாரு வாரா?"

நான் குனிந்து டென்ட்டைத் திரும்பப் பைக்குள் திணித்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. "மாத்திருங்கக்கா, இத வச்சு உங்களால ஏற முடியாது" என்று மட்டும் சொன்னார்.

மாற்ற முடியவில்லை. வாங்கிய வாரமே மொட்டை மாடியில் விரித்து, தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று சோதித்திருந்தார்கள். "பழகிட்டா கனம் தெரியாது, தெனம் தூக்கி நட" என்றார் வீட்டுக்காரர். சொன்னதோடு நிற்கவில்லை, விடிகாலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போட்டுக் கொடுத்து, கூடவே யானைமலைவரை வந்தார். அடிவாரத்திலிருந்து திரும்பும்போது பையை அவரே வாங்கிச் சுமந்துகொள்வார். அந்த வாரங்களில் நாங்கள் பேசியதுபோல் பல வருஷம் பேசியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவரோடு நடப்பது எனக்குப் பிடித்திருந்தது. தனியாகப் போவதற்கு அவரோடு ஒத்திகை பார்த்தோம். அதிலிருக்கிற வேடிக்கை அப்போது உறைக்கவில்லை.

பாறைச் சரிவில் இறங்கும்போது ஒரு நாள் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்தது. வலது முட்டியில் மடக்கென்று ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது. அவர் பின்னாலிருந்து ஓடி வந்து பிடித்தார், பிடித்தும் பயனில்லை. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். சுமை தூக்கக் கூடாது, தரையில் சம்மணம் போடக் கூடாது, மாடிப்படிகூடப் பார்த்து ஏற வேண்டும். "மலையா? அத இனி மறந்துருங்க டீச்சர்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜனவரியில் அவர்கள் போனார்கள். பி.டி. டீச்சர் ஒரு படம் அனுப்பினார். மூடுபனி, புல்மேடு, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்ன டென்ட்டுகள். எல்லாம் மூடியிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருத்தி. நான் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக் கட்டிலில் கிடந்தபடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரோரமாய் நின்றதே, அதே சாம்பல் பச்சையில் ஒன்றும் அதில் இருந்தது.

"அழகா இருக்குல்ல?" என்று எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர். "நம்ம டென்ட்ட அங்க நிறுத்தியிருந்தா எல்லாத்தையும் விட எடுப்பா இருந்திருக்கும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கத்தினேன். "எனக்கு நம்ம டென்ட் வேணாம்! ஒத்தையில படுக்கணும்னுதான் கேட்டேன். ஆயுசுல ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. அம்புட்டுத்தான் கேட்டேன்!"

ஹாலில் டி.வி. சத்தம் நின்றது. மாமியார் அணைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். கோபப்படவில்லை. இத்தனை வருஷமாக உனக்கு என்னோடு படுப்பது கஷ்டமாகவா இருந்தது என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், அதுதான் உண்மையும். அவர் கேட்கவில்லை. மாத்திரை போடுகிற நேரம் என்று தண்ணீர் எடுத்து வந்தார்.

அதன் பிறகு அந்த டென்ட்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மாமியார் மட்டும் ஒரு நாள், அந்த வலையைக் கொடுத்தால் வத்தல் காயப்போடலாம், காக்கா வராது என்றார். அவர் மகன் "சும்மா இருங்கம்மா" என்று அடக்கிவிட்டார்.

சித்திரை மாதம் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன், பின்னாலேயே வந்தார். மாடியில் ஆரஞ்சு டென்ட் நின்றது. தளத்தில் முளை அடிக்க முடியாதே, நாலு பெயின்ட் வாளியில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றைக் கட்டியிருந்தார். உள்ளே மெத்தை, அதன்மேல் என் போர்வை, முட்டிக்கென்று ஒரு தலையணை. ஒரே ஒரு ஆளுக்கான படுக்கை. நடுவில் போட்டிருந்தார்.

"அங்கதான் போக முடியல. இங்கயாவது படு" என்றார். "அம்மாட்டச் சொல்லிட்டேன், யாரும் மேல வர மாட்டாங்க. எம்புட்டு நேரம் வேணும்னாலும் படு."

அவர் கையைப் பிடித்து, முட்டியை நீட்டியபடியே பின்பக்கமாக நகர்ந்து உள்ளே போனேன். அவரே ஜிப்பை இழுத்து மூடினார். அவருடைய செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இழுபடுகிற சத்தம்.

கீழே போகவில்லை.

நான் படுத்திருந்தேன். மேலூர் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துப் போயின. வலை வழியாக வானம் மங்கிக்கொண்டு வந்தது. கைகளை விரித்தேன், இரண்டு பக்கமும் எதுவும் தட்டவில்லை. நாற்காலி கிரீச்சென்றது. அவர் இருமலை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

"காத்து வருதா?" என்றார். உடனே, "சரி சரி, பேசல" என்றார்.

பட்டென்று ஒரு சத்தம். கொசு. எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் மாடியில் மனிதன் உட்கார முடியாது. பட். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பட். சத்தம் கேட்கக் கூடாது என்று மெதுவாக அடித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் நன்றாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, அவர் இல்லை என்று நினைத்துப் பார்த்தேன். தனியாக இருக்கிறேன், மலையில் இருக்கிறேன், விடியும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பட். அவருக்குச் சர்க்கரை உண்டு, கொசு கடித்த இடம் லேசில் ஆறாது. தொணைக்கு உட்கார்ந்திருக்கிறார். போகச் சொன்னால் போய்விடுவார். படியில் நின்றுகொள்வார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்லல்ல, நீ படு. எனக்கு ஒண்ணுமில்ல."

"கொசு கடிக்குது, வாங்கன்னா வாங்க."

ஜிப் திறந்தது. குனிந்து உள்ளே வந்தார். நான் மெத்தையின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டேன், முப்பது வருஷமாய் நகர்வதுபோல. அவர் மல்லாந்து படுத்து, காலை நீட்டி, மேலே துணியைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

இருக்கத்தான் செய்தது. இன்னொரு ஆள் படுத்தாலும் இடித்திருக்காது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான்தான் கூப்பிட்டேன். கடையில் சுவரோரமாய் நின்ற அந்தச் சின்ன டென்ட்டாக இருந்திருந்தால், கூப்பிட வேண்டும் என்று மனசு எவ்வளவு அடித்துக்கொண்டாலும், அதில் இன்னொருவருக்கு இடம் இருந்திருக்காது.